மரம் நட்ட ஞாயிற்றுக்கு அப்புறம்

கேள்வி இதுதான். தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்தில் உள்ள கிறிஸ்தவச் சபை ஒன்றின் வாலிபர் சங்கச் செயலாளர் கேட்டிருக்கிறார். மூன்று வருஷமாக ஜூன் மாதம் சுற்றுச்சூழல் ஞாயிறு அன்று கோயில் வளாகத்தில் மரக்கன்று நடுகிறார்கள், ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. இந்த வருஷம் உருப்படியாக ஏதாவது செய்வோம் என்று கமிட்டியில் பேசினால், "சபையின் வேலை சுவிசேஷம். சுற்றுச்சூழலை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று பெரியவர் ஒருவர் முடித்துவிட்டார். பெரியவருக்கு என்ன பதில் சொல்வது, ஒரு சாதாரணச் சபையால் உண்மையில் என்ன செய்ய முடியும் என்பது கேள்வி.

தம்பி, நான் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் கமிட்டியிலும் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். கன்றுகள் ஏன் செத்தன என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்றது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஜூன் 5 என்ற தேதி நம் மண்ணிலிருந்து வந்தது இல்லை. 1972இல் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகள் சபை நடத்திய மாநாடு அன்றைக்குத் தொடங்கியது, அதனால் அது உலகச் சுற்றுச்சூழல் நாள் ஆனது. கேரளத்துச் சபைகளுக்கு அந்தத் தேதி பொருந்தும். அங்கே ஜூன் முதல் வாரம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும், நட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் மழை பார்த்துக்கொள்ளும். தூத்துக்குடிப் பக்கம் ஜூன் என்றால் என்ன? மேல்காற்று புழுதியை வாரி அடிக்கும், வானத்தில் ஒரு பொட்டு மேகம் நிற்காது. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அக்டோபர் நடுவில் முதல் நல்ல மழை பெய்து மண் ஒரு முழம் நனைந்த பிறகு நடுகிற கன்றுக்கு, வேர் பிடிக்க இரண்டரை மாதம் ஈரம் கிடைக்கும். ஜூனில் நட்ட கன்றுக்கு ஒரு நாள் குடத்துத் தண்ணீர்தான் கிடைக்கும்.

எங்கள் சபையிலும் ஒரு வருஷம் ஜூனில் முப்பது கன்று நட்டோம். சபைக் குருவானவர் ஐயர் ஜெபம் பண்ணினார், போட்டோ எடுத்தோம், சர்பத் குடித்தோம். அடுத்த ஈஸ்டருக்குள் மிஞ்சினது இரண்டு. ஒன்று, கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை பாத்திரம் கழுவுகிற குழாயடியில் இருந்த பூவரசு. இன்னொன்று மேற்கு வாசல் பக்கத்து வேம்பு. அது ஏன் பிழைத்தது என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது, காலையில் ஜெபத்துக்கு வருகிற ஒரு பாட்டி, வீட்டிலிருந்து தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுவந்து தினமும் அதற்கு ஊற்றியிருக்கிறார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. "வாடிக்கிட்டு நின்னுச்சு, பாத்துக்கிட்டே எப்படிப்பா போறது" என்றார். அந்த வேம்பு இப்போது கூரை உயரம் தாண்டிவிட்டது.

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில், கர்த்தர் மனுஷனை ஏதேன் தோட்டத்தில் கொண்டுவந்து வைத்தது "அதைப் பண்படுத்தவும் காக்கவும்" என்று இருக்கிறது. நாம் முதல் வார்த்தையோடு நின்றுவிடுகிறோம். எபிரெயத்தில் இந்த இரண்டு வார்த்தைகளும் கவனிக்க வேண்டியவை. பண்படுத்து என்பதற்கு உள்ள சொல், ஊழியம் செய், பணிவிடை செய் என்ற அர்த்தத்திலும் வருவது. காக்க என்பதற்கு உள்ள சொல்தான் ஆரோனின் ஆசீர்வாதத்தில், "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்ற இடத்திலும் வருகிறது. ஞாயிறுதோறும் ஆராதனை முடிவில் தலைகுனிந்து வாங்கிக்கொள்கிறோமே, அதே காவல். அதைத்தான் தோட்டத்துக்குக் கொடுக்கச் சொல்லி மனுஷனை வைத்தார். உங்கள் பெரியவரிடம் இதிலிருந்து பேச்சை ஆரம்பிக்கலாம்.

அவர் ஒன்றும் தவறான மனுஷர் கிடையாது என்றே நினைக்கிறேன். சபை திசை மாறிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. அதை மதித்தே பேசுங்கள். நம் தென்னிந்தியத் திருச்சபை, இங்கிலாந்துத் திருச்சபையோடு உறவுள்ள சபைகளின் கூட்டமைப்பான ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் ஒரு அங்கம். அந்த ஐக்கியம் திருப்பணியின் அடையாளங்கள் என்று ஐந்தைச் சொல்கிறது. சுவிசேஷம் அறிவிப்பது முதலாவது. படைப்பைப் பேணுவதும் பூமியின் வாழ்வைப் புதுப்பிப்பதும் ஐந்தாவது, அது 1990இல் சேர்க்கப்பட்டது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையின் முதுபெரும் தந்தை திமெத்ரியோஸ் 1989இல் செப்டம்பர் 1ஐப் படைப்புக்காக ஜெபிக்கும் நாளாக அறிவித்தார். போப் பிரான்சிஸ் 2015இல் அதே நாளைக் கத்தோலிக்கர்களுக்கும் வைத்தார். இன்றைக்குப் பல சபைகளில் செப்டம்பர் 1 முதல், அசிசி பிரான்சிஸின் திருநாளான அக்டோபர் 4 வரை படைப்பின் காலம் என்று அனுசரிக்கிறார்கள். உங்களுக்கு இதில் ஒரு வசதி பாருங்கள்: நம் ஊர் மழைக்கு முந்தின மாதம் அது. குழி தோண்ட, மக்கு உரம் போட, பனங்கொட்டை பொறுக்க, வாய்க்கால் தூர்வார எல்லாவற்றுக்கும் சரியான நேரம். சுற்றுச்சூழல் ஞாயிற்றை ஜூனில் பிரசங்கத்தோடு விட்டுவிட்டு, கைவேலையைப் புரட்டாசிக்குத் தள்ளிவையுங்கள்.

இன்னொரு பேச்சும் வரும். "பூமி எப்படியும் வெந்துபோகப் போகிறது, வேதத்திலேயே இருக்கிறது, அதை எதற்குக் காப்பாற்ற வேண்டும்?" என்பார்கள். இரண்டாம் வருகையைப் பற்றி அடிக்கடி பிரசங்கிக்கிற இடங்களில் இது நிறையவே கேட்கும். நான் சொல்கிற பதில் ஒன்றுதான். மனுஷ உடம்பும் மண்ணுக்குத்தான் திரும்பப் போகிறது. அதற்காக நம் சபைகள் ஆஸ்பத்திரி கட்டாமல் இருந்தனவா? காலரா வந்த காலத்தில், எப்படியும் சாகிறவர்கள்தானே என்று மிஷனெரிகள் வாசலைச் சாத்தினார்களா? நெருப்பைப் பற்றிச் சொல்கிற அதே வேதத்தில், வெளிப்படுத்தின விசேஷம் 11:18இல், பூமியைக் கெடுத்தவர்களைக் கெடுக்கும் காலம் வந்தது என்றும் இருக்கிறது. அதை நான் லேசாக வாசிக்க முடிவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். புதிதாக ஒரு ஊழியம், அதற்கு ஒரு கமிட்டி, அதற்கு ஒரு பேனர் என்று போகாதீர்கள். சபை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிற காரியங்களைப் பாருங்கள். அதில் பெரியது அசனம், அதாவது பண்டிகையில் ஊருக்கே போடுகிற சாப்பாடு.

பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தை நான் மனதார விரும்புகிறவன். ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே அண்டாச் சோறும் ஒரே குழம்பும் சாப்பிடுவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் கோயிலுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஆயிரத்து ஐந்நூறு பேர் சாப்பிட்டால், ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பாயசக் கப் என்று வைத்தாலே மூவாயிரம் உருப்படி. அதற்குமேல் மேஜை விரிப்பு, கேரி பேக். நான் பார்த்த ஒரு விடியற்காலையில், குழம்பு ஒட்டின பிளாஸ்டிக் பூச்சுத் தட்டுகளை இரண்டு ஆடுகள் மென்றுகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் கோயில்பிள்ளை வந்து எல்லாவற்றையும் குவித்துத் தீ வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நம்முடைய ஆரம்பப் பள்ளிக்கூடம். காலை ஜெபத்துக்கு வரிசையாக நின்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கோயில்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் நாம் கொடுத்துவிட்டுப் போனது அதுதான்.

ஐயாயிரம் பேர் சாப்பிட்ட கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அப்பமும் மீனும் பெருகினதில்தான் பிரசங்கம் முடியும். யோவான் 6:12ஐ அசனத்துக்கு முந்தின ஞாயிறு வாசிக்கச் சொல்லுங்கள்: "ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு, மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள்." அத்தனை பெரிய அற்புதம் செய்தவர், பந்தி முடிந்ததும் செய்த முதல் காரியம் அது. பன்னிரண்டு கூடை நிறைந்தது.

செய்ய வேண்டியது கஷ்டமான காரியம் இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப், பேப்பர் தட்டு, தண்ணீர் பாக்கெட், கேரி பேக் உட்படப் பதினான்கு வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. ஆகவே பாதி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். "வெறும் பேப்பர்தானே" என்று வாங்குகிற கப்பின் உட்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெல்லிய பிளாஸ்டிக் படலம் உரிந்து வரும். வாழை இலை போடுங்கள். கிடைக்காத காலத்தில் பாக்குமட்டைத் தட்டு. நம் தாத்தா காலத்தில் பனையோலையைப் பட்டையாக மடித்து அதில்தான் பதநீரும் குடித்தார்கள், கறிச்சோறும் சாப்பிட்டார்கள். பட்டை பிடிக்கத் தெரிந்த கை உங்கள் ஊரில் இன்னும் இரண்டு மூன்று இருந்தால், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

தண்ணீருக்கு எவர்சில்வர் தம்ளர். ஐந்நூறு தம்ளர் ஒரே தடவை வாங்கினால் போதும், மூன்று பந்திக்குக் கழுவிக் கழுவி வைக்கலாம். வாங்குகிற காசு எங்கே என்று கேட்பார்கள். இதற்கு நம்மிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது. சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்து, அதைக் கொண்டுவந்து கோயிலில் படைத்தார்கள் நம் பாட்டிமார். அந்தப் பிடி அரிசியில்தான் எத்தனையோ ஊழியம் நடந்தது. அதேபோலக் குடும்பத்துக்கு ஒரு தம்ளர், இரண்டு தம்ளர் காணிக்கை என்று அறிவியுங்கள். பேர் வெட்டிக் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் வெட்டிக் கொடுக்கட்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பொறுப்பில் வைத்து, ஊரில் கல்யாண வீடு, துக்க வீடு எதற்கும் சின்ன வாடகைக்குக் கொடுத்தால் சங்கத்துக்கு வருமானமும் ஆகும். முக்கியமான ஒன்று: கழுவுகிற வேலை பெண்கள் தலையில் மட்டும் விழக் கூடாது. எங்கள் சபையில் வாலிபர் சங்கம் அதை எடுத்துக்கொண்ட பிறகுதான் ஏற்பாடு நிலைத்தது. எச்சில் இலைக்கு முந்தின நாளே குழி வெட்டிவிடுங்கள். இலை ஒரு வரிசை, சாணிக் கரைசல் ஒரு வரிசை, மண் ஒரு வரிசை. நாலு மாதத்தில் மக்கும். மழைக்கு முன்னால் அசனம் வந்தால், அந்த மக்கே மரக்குழிக்கு.

அடுத்தது வளாகம். இதில் எனக்கு வருத்தம் அதிகம். பண்டிகை நெருங்கினால் ஏதாவது ஒரு நல்ல மனசுக்காரர், வெளியூரில் சம்பாதித்தவர், "கோயிலைச் சுற்றி டைல்ஸ் போட்டுத் தருகிறேன்" என்று முன்வருகிறார். கமிட்டியும் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறது. இன்டர்லாக் கல் சுவரிலிருந்து சுவர் வரை பதிந்துவிடும், நடுவில் நின்ற வேம்பு வேர் தூக்குகிறது என்று வெட்டப்படும். அப்புறம் சித்திரையில் வெறுங்காலோடு நடக்க முடியாது. மழை பெய்தால் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே இறங்காமல் தெருவுக்கு ஓடும். நன்கொடை தருகிறவரிடம் மரியாதையாகப் பேசிப் பார்க்கலாம்: நடைபாதைக்கு மட்டும் கல், மிச்ச இடம் மண்ணும் மரமும், மிஞ்சின பணத்தில் கிணற்றுக்குத் தூர். பல பேர் ஒத்துக்கொள்வார்கள், நாம்தான் கேட்பதில்லை.

உங்கள் மாவட்டத்து மெஞ்ஞானபுரத்தை நினைத்துப் பாருங்கள். தேரி என்கிற செம்மணல் மேடுகள் சூழ்ந்த அந்த இடத்துக்கு 1830களின் கடைசியில் மிஷனெரி ஜாண் தாமஸ் ஐயர் வந்தார். கிணறு வெட்டினார்கள், மரம் வளர்த்தார்கள், பொட்டலில் ஒரு சோலை ஊர் உண்டானது. இன்றைக்கு நாம் கோபுரத்தின் உயரத்தைத்தான் பேசுகிறோம். கிணறும் நிழலும் அந்த ஊழியத்தில் ஒரு பாதி.

எத்தியோப்பியாவிலும் ஒரு பாடம் இருக்கிறது. அந்த நாட்டின் வடபகுதியில் காடு ஏறக்குறைய எல்லாமே வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிவிட்டது. மிஞ்சினது ஆர்த்தடாக்ஸ் கோயில்களைச் சுற்றியுள்ள காடுகள். மேலே இருந்து பார்த்தால் பழுப்பு நிலத்தில் வட்டவட்டமான பச்சைப் பொட்டுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோயில். கோயிலைச் சுற்றின மரம் ஆடை மாதிரி, அதை உரியக் கூடாது என்று அந்த மக்கள் நூற்றாண்டுகளாக விட்டுவைத்திருக்கிறார்கள். ஆனாலும் மாடுகள் உள்ளே புகுந்து முளைக்கிற கன்றை எல்லாம் மேய்ந்து, காடு ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. அலெமயேஹு வாசி என்ற அந்த நாட்டுக் காட்டியல் அறிஞரும், மார்கரெட் லோமன் என்ற அமெரிக்க அறிஞரும் குருமார்களோடு பேசினார்கள். தீர்வு மிகச் சாதாரணமானது. வயலில் உழவுக்கு இடைஞ்சலாகக் கிடந்த கற்களைப் பொறுக்கி, காட்டைச் சுற்றிச் சுவர் வைத்தார்கள். வயலும் சுத்தமாயிற்று, மாடும் நின்றது, உள்ளே விழுந்த விதை தானே முளைத்து வந்தது.

நம் ஊரில் அப்படிச் சுவர் போட்ட நிலம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, கல்லறைத் தோட்டம். பேரிலேயே தோட்டம் இருக்கிறது. பல ஊர்களில் அது சீமைக் கருவேலம் மண்டின காடாகக் கிடக்கும், அல்லது அடுக்கடுக்காகக் கிரானைட் பதித்த பெட்டிகளாக இருக்கும். கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் களைக்கொல்லி அடித்து எல்லாவற்றையும் கருக்கிவிட்டு, பிளாஸ்டிக் மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறோம். அது நவம்பர் 2, நம் ஊரில் நல்ல மழைக்காலம். அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ஆள் பேரில் சுவரோரமாக ஒரு கன்று நட்டால், பிழைக்காமல் போக வாய்ப்புக் குறைவு. வேம்பு, புங்கை, பூவரசு, புன்னை, நாவல் எல்லாம் வரும். தேரி மணல் என்றால் உடைமரமும் கொல்லாமரம் என்கிற முந்திரியும் நிற்கும். பெற்ற தாயின் பேரில் நின்ற மரத்தை வாட விடுகிற பிள்ளை அபூர்வம். சீமைக் கருவேலத்தை வெட்டுவதாக இருந்தால் வேரோடு பிடுங்க வேண்டும், மேலே வெட்டினால் இரண்டு மடங்காகத் தழையும். பிடுங்கின இடத்தில் அந்த மழைக்கே வேறு மரம் வைக்க வேண்டும். வெறுமனே விட்டால் அதுவேதான் திரும்ப வரும்.

நடுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் குழி. ஒரு மாதம் முன்னாலேயே தோண்டி வெயிலில் காயப்போட்டு, மேல்மண்ணும் மக்கும் கலந்து நிரப்புங்கள். கன்றுக்கு ஒரு முழம் தள்ளி, அடியில் சின்ன ஓட்டை போட்டுத் துணித்திரி சொருகின மண்பானையைக் கழுத்துவரை புதையுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை அந்தப் பானையை நிரப்பினால் போதும், வேருக்குக் கசிந்துகொண்டே இருக்கும். ஆடு கடிக்காமல் இருக்க உடைமுள்ளை வெட்டி வட்டமாகக் கட்டுங்கள், செலவில்லாத வேலி. முக்கியம், கோயில் வளாகத்தில் பத்துக் கன்றுக்குமேல் நடாதீர்கள். நூறு நட்டுப் பேர் வாங்குவதைவிடப் பத்தைத் தை முதல் ஆவணி வரை தண்ணீர் ஊற்றிக் கரை சேர்ப்பது கஷ்டம். ஒவ்வொன்றுக்கும் கோயில் பக்கத்தில் குடியிருக்கிற ஒரு குடும்பத்தின் பேர் இருக்கட்டும். திடப்படுத்தல் எடுத்துச் சபையின் முழு அங்கத்தினராகிற பிள்ளைகளிடம் கொடுக்கலாம் என்று சில சபைகளில் செய்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அந்தப் பிள்ளை படிக்க வெளியூர் போய்விடும். வீட்டுப் பெரியவரையும் சேர்த்துப் பொறுப்பாக்குங்கள்.

கூரைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2003லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அப்போது வைத்த குழாய்கள் பல கோயில்களில் இன்றைக்குப் பாதியில் உடைந்து தொங்குகின்றன. கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அறுபதுக்கு நாற்பதடிக் கோயில் கூரை ஏறக்குறைய 223 சதுர மீட்டர். வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை என்று வைத்து, ஐந்தில் ஒரு பங்கு வீணாகிவிடும் என்று கழித்தாலும், ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். பெரிய டேங்கர் லாரியில் ஒன்பது பத்து நடை. கோயில் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு வடிகட்டும் குழி போட்டு அதில் இறக்கினால், அடுத்த இரண்டு மூன்று மழையிலேயே கிணற்றுத் தண்ணீரின் ருசி மாறுவதை ஊர்ப் பெண்களே முதலில் சொல்வார்கள். புரட்டாசியில் கூரைச் சருகைக் கூட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் பராமரிப்பு.

மின்சாரத்தில் ஒரு எச்சரிக்கை. கோயிலுக்குச் சோலார் என்று உடனே கிளம்பாதீர்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஓடுகிற கட்டிடம் அது. முப்பது பழைய ஃபேன், ஒன்று 75 வாட் என்றால், ஒரு ஆராதனைக்கு ஏழு யூனிட்டுக்குள்தான் ஆகும். 30 வாட் ஃபேனாக மாற்றினால் மிச்சம் வாரத்துக்கு நாலு யூனிட். பழுதாகும்போது ஒவ்வொன்றாக மாற்றினால் போதும். சோலார் வைப்பதாக இருந்தால் சேகரத்துப் பள்ளிக்கூடத்திலோ விடுதியிலோ வையுங்கள், அங்கேதான் வாரம் முழுக்கப் பகலில் கரண்டு ஓடுகிறது. கோயிலில் உண்மையான செலவு ஏ.சி. போடும்போதுதான் ஆரம்பிக்கும். எட்டு ஏ.சி. மூன்று மணி நேரம் ஓடினால் ஒரே ஞாயிற்றில் நாற்பது, ஐம்பது யூனிட் போய்விடும். பழைய கோயில்களைக் கட்டினவர்கள் உயரமான கூரை, எதிரெதிர் ஜன்னல், அகலமான வராந்தா என்று யோசித்துத்தான் கட்டினார்கள். புதுப்பிக்கிறோம் என்று அந்த ஜன்னல்களைக் கண்ணாடி போட்டு அடைக்கிற திட்டம் கமிட்டிக்கு வந்தால், தயவுசெய்து எழுந்து நின்று பேசுங்கள்.

பண்டிகைச் செலவுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிளெக்ஸ் பேனர் பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக், அதை எரித்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு வரும். எந்த வருஷம் என்று போடாமல் துணியில் ஒரு நல்ல பேனர் எழுதிவைத்தால் பத்து வருஷம் கட்டலாம். கிறிஸ்துமஸ் குடிலுக்குத் தெர்மாகோல் வேண்டாம், வைக்கோலும் ஓலையும் போதும். பெத்லகேமிலும் அவ்வளவுதான் இருந்திருக்கும். ஒலிபெருக்கி இரவு பத்து முதல் காலை ஆறு வரை கூடாது என்பது சட்டம். வீடு வீடாகப் பாடிப் போகிற கீத பவனியைப் பாட்டும் கைத்தாளமுமாக நடத்தினால் நோயாளிகள் இருக்கிற வீட்டுக்காரரும் வாழ்த்துவார். அறுப்பின் பண்டிகையில் மட்டும் ஒரு சின்ன யோசனை: ஏலத்துக்கு வருகிற சேவலும் பூசணியும் வாழைத்தாரும் போக, நாட்டு விதைக்கு என்று ஒரு மேஜை போடுங்கள். கத்தரி, அவரை, சுரை, கீரை என்று வீட்டில் எடுத்த விதையை ஆளுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்து வைத்து, வேறு ஒரு பொட்டலம் எடுத்துப் போகட்டும். மழைக்கு முன்னால் வருகிற பண்டிகையாக இருந்தால் அடுத்த வாரமே விதைத்துவிடலாம்.

பனையை வேகமாகத் தாண்ட முடியாது. நம் சபைகளில் பெரும்பாலானவை பனையேறிகளின் காணிக்கையில் எழும்பின சபைகள். மார்பிலும் தொடையிலும் காய்ப்புக் காய்த்த மனுஷர்கள் கருப்பட்டி விற்றுக் கொடுத்த காசு அந்தச் சுவர்களில் இருக்கிறது. அது தமிழ்நாட்டின் மாநில மரம். 2021இல், கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. அப்படியும் செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சபை நிலத்தில் பனை நிற்கிறதா, எத்தனை நிற்கிறது என்று எண்ணிக் கணக்குப் புத்தகத்தில் எழுதுங்கள். முதல் காவல் அதுதான்.

ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் கொட்டை பொறுக்கி, குளத்துக் கரையிலும் சபை நிலத்து வரப்பிலும் எட்டடி, பத்தடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். சாலை ஓரம் வேண்டாம், அகலப்படுத்தும்போது போய்விடும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேலி வேண்டாம். பனை முதலில் மண்ணுக்குள் இறங்கி வேர் விட்டு, பல மாதம் கழித்துத்தான் ஒரு ஓலையை வெளியே நீட்டும். முளைக்கவில்லை என்று யாராவது தோண்டிப் பார்க்காமல் இருந்தால் சரி. குருத்தோலை ஞாயிற்றுக்கு வடலியிலிருந்து, அதாவது இளம் பனையிலிருந்து, குருத்து வெட்டக் கூடாது, அதன் வளர்ச்சியே தட்டிப்போகும். ஏறுகிற ஒருவரை வைத்து வளர்ந்த மரங்களில் மரத்துக்கு ஒன்றாக எடுத்து, கீற்றுக் கீற்றாகக் கிழித்தால் ஒரே ஓலையை நிறையப் பேர் பிடிக்கலாம். அவருக்குக் கூலியும் கொடுங்கள், அன்றைக்கு ஆராதனையில் அவர் தொழிலுக்காக ஜெபமும் பண்ணுங்கள்.

கடற்கரைச் சபையாக இருந்தால் பட்டியல் வேறு. அங்கே பிய்ந்த நைலான் வலைதான் பெரிய பாவம். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் பக்கம் வரை 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது. கடலில் விட்ட வலை அதில் சிக்கிக்கொண்டு, ஆள் இல்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துச் சாகடித்துக்கொண்டிருக்கும். பங்குக் கோயில் வாசலில் பழைய வலைக்கு ஒரு இடம் ஒதுக்கி, கரைக்குக் கொண்டுவந்து போடச் சொன்னாலே பெரிய காரியம்.

இதெல்லாம் நம் சுவருக்கு உள்ளே. வெளியேயும் ஒரு வேலை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. ஊர்க் குளம் சபைக்கு மட்டும் சொந்தமில்லை. மடை உடைந்தால், வரத்துக்கால்வாயை யாராவது அடைத்தால், கிணறு உப்பாக மாறினால், முதலில் தண்ணீருக்கு அலைகிறவர்கள் கூலிக்குப் போகிற நம் சபைப் பெண்கள்தான். அப்போது ஊர்க் கோவில் கமிட்டியாரையும் ஜமாஅத்தாரையும் கூட்டிக்கொண்டு மனு கொடுக்கப் போவது சுவிசேஷத்துக்குப் புறம்பான வேலை என்று நான் நினைக்கவில்லை. மூன்று தரப்பும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் அலுவலகங்களில் அதற்கு ஒரு கனம் இருக்கும், அனுபவத்தில் சொல்கிறேன்.

அடுத்த கமிட்டிக்குப் போகும்போது இதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். இந்த வருஷத்துக்குத் தம்ளரும் பத்துக் கன்றும் மட்டும் கேளுங்கள். மற்றது அதன் பின்னால் வரும். வருஷ அறிக்கையில் காணிக்கை வரவு செலவு வாசிக்கிறோமே, அதன் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: நட்டது இத்தனை, நிற்பது இத்தனை. பெரியவரிடம் அந்தப் பத்தில் ஒரு கன்றை ஒப்படைத்துவிடுங்கள், அவர் வீடு கோயிலுக்குப் பக்கத்தில்தானே இருக்கும். தினமும் ஜெபத்துக்கு வருகிறவர், கையில் தூக்குவாளியோடு வருவார்.